டபுள்ஸ்

நான் சந்தேகப் பிராணி. இதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, வெட்கப்பட்டும் சொல்லவில்லை. ரத்த வகை மாதிரி, அது அப்படித்தான். பால்காரர் "இன்னிக்குக் கெட்டிப் பாலுங்க" என்றால், நேற்று என்னத்தை ஊற்றினார் என்று யோசிப்பேன். எந்தப் படிவமானாலும் கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்திலிருந்துதான் படிக்கத் தொடங்குவேன். மேட்டுப்பாளையத்தில் பத்தொன்பது வருஷமாகப் பிசியோதெரபி கிளினிக் நடத்துகிறவளுக்கு இந்தக் குணம் உதவியாகத்தான் இருந்திருக்கிறது. இடுப்பு வலி என்று வருகிறவர்களில் யாருக்கு இடுப்பில் வலி, யாருக்கு வேலைக்குப் போவதில் வலி என்பதை என் விரல் சொல்லிவிடும். வாய் பொய் சொல்லும். எக்ஸ்ரேகூடச் சில சமயம் பொய் சொல்லும். என் விரல் சொன்னதில்லை.

ஆகவே, சைக்கிள் மறந்துவிட்டது என்று ஒருவர் வந்து நின்றபோது நான் நம்பவில்லை.

"என்னங்க மறந்துபோச்சு?"

"சைக்கிளுங்க, டாக்டரம்மா. ஏறுனா வுளுகறேனுங்க."

பெயர் கிட்டுசாமி. வயது ஐம்பத்திரண்டு. மலையடிவாரத்தில் சீங்கப்பள்ளம் என்ற ஊர். மலையிலிருந்து இறங்கி வரும் குடிநீர்க் குழாயைத் தினமும் போய்ப் பார்த்து, எங்கே கசிகிறது, எங்கே யானை மிதித்திருக்கிறது என்று சொல்லும் வேலை. பஸ்கள் டிரைவர் இல்லாமல் ஓடுகிற காலத்தில் இதற்கு ஆள் எதற்கு என்று கேட்கலாம். பறந்துபோய்ப் படமெடுக்கும் கருவிகளுக்கு மரத்தடியில் கண் தெரியாது. அதனால் கிட்டுசாமி முப்பது வருஷமாகக் கல்லும் வேருமான பதினாறு கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதையில் சைக்கிளில் போய் வந்துகொண்டிருந்தார். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் ஏறினார், விழுந்தார். அதற்கப்புறம் ஏறும்போதெல்லாம் விழுகிறார்.

"நீச்சலும் சைக்கிளும் ஒரு தடவை வந்துட்டா சாகற வரைக்கும் மறக்காதுன்னு சொல்வாங்களே?"

"நானும் அப்படித்தானுங்க சொல்லிட்டிருந்தேன்."

கோட்டில் நடக்கச் சொன்னேன், நடந்தார். கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னேன், கொக்கு மாதிரி நின்றார். காதில் கோளாறு இல்லை. கடைசியாகக் கழுத்தைப் பார்த்தேன். வழக்கப்படி இரண்டு உள்ளங்கையையும் மூன்று முறை தேய்த்துக்கொண்டு, முதலில் இடது புறங்கையை அவர் பிடரியில் வைத்தேன். எனக்கு எப்போதும் கை சில்லென்று இருக்கும், திடீரென்று தொட்டால் ஆட்கள் துள்ளிவிடுவார்கள். அதனால் வந்த பழக்கம். பிறகு விரல்களால் தேடினேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. இறுக்கம் இல்லை, முடிச்சு இல்லை, மேசையைத் தொட்ட மாதிரி வழுவழுவென்று இருந்தது. இத்தனை தடவை விழுந்த ஆளின் கழுத்து அப்படி இருக்காது.

நடிப்பு என்று முடிவு கட்டினேன். மலையேறிச் சலித்துப்போய் ஆபீசில் நாற்காலி வேலை கேட்கிறார், அதற்கு ஒரு சர்டிபிகேட் வேண்டும்.

"சர்டிபிகேட் எழுதித் தரணுமா?" என்று கொக்கி போட்டேன்.

"அதெல்லாம் வேண்டாமுங்க. மறுபடி ஓட்டோணும், அவ்வளவுதான். இப்ப ஊட்டுக்காரி நடக்கறாளுங்க. அதானுங்க."

வெளியே பெஞ்சில் அவர் மனைவி முழங்காலைத் தடவியபடி உட்கார்ந்திருந்தார். அந்த 'அதானுங்க' என் காதில் ஏறவில்லை. இரண்டு பயிற்சி சொல்லிக்கொடுத்து அனுப்பிவிட்டேன். என் மனம் அன்றைக்கு வேறொரு சைக்கிளில் இருந்தது.

பத்து வருஷமாக ஒரு கிராஃப் நோட்டில் அதை வரைந்துகொண்டிருந்தேன். காட்டுப் பாதைக்கென்றே ஒரு சைக்கிள். முன்சக்கரம் பெரிது, பின்சக்கரம் ஒரு சுற்றுச் சிறிது. ஹேண்டில்பார் என் தோளைவிட நாலு விரல் அகலம். சரிவில் ஆளைத் தலைகுப்புறத் தள்ளிவிடாதபடி நன்றாக முன்னால் நீட்டிய ஃபோர்க். கட்டைவிரலால் தட்டினால் இறக்கத்தில் தாழ்ந்து, ஏற்றத்தில் எழும்பும் சீட். முள் குத்தினாலும் காற்று இறங்காத டயர். நிறம் மாம்பிஞ்சுப் பச்சை. வேறு எந்தப் பச்சையும் ஆகாது.

வரையத் தொடங்கியபோது ஓட்டிக்கொண்டுதான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் மலையில்தான் இருப்பேன். மூன்று வருஷத்துக்கு முன் வந்த ஒரு விஷக்காய்ச்சல் இடது காதுக்குள் இருந்த ரசமட்டத்தை உடைத்துவிட்டுப் போனது. காது கேட்கும். நடக்கலாம், சமைக்கலாம், ரோட்டில் நிதானமாகச் சைக்கிள்கூட ஓட்டலாம். ஆனால் கல்லிலும் வேரிலும் குலுங்கினால் மேல் எது கீழ் எது என்று தெரியாமல் இடப்பக்கம் சரிந்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமைகள் போயின. கணவர் இல்லை, பிள்ளை இல்லை என்று யாராவது என்னைப் பார்த்து உச்சுக்கொட்டினால் எனக்குச் சிரிப்பு வரும். மலை இல்லை என்பதற்குத்தான் நான் அழுதேன்.

அப்போதுதான் கோவையில் 'சமன் வீல்ஸ்' திறந்தார்கள். நம் கனவை நாம் வரைந்து கொடுத்தால் சைக்கிளாகக் கட்டித் தருவார்கள். அதோடு, தானே சமநிலை பிடித்துக்கொள்ளும் சைக்கிள். சட்டக் குழாய்க்குள் நகரும் ஒரு எடைக்கட்டி, ஹேண்டிலில் ஒரு சின்ன மோட்டார், இரண்டையும் ஆட்டிவைக்க ஒரு மூளை. வடிவமைப்பாளர் டெரன்ஸ், முப்பது வயது, குன்னூர்ப் பையன். என் கிராஃப் நோட்டைக் குழந்தையை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கினான். அதிலேயே பாதி மயங்கிவிட்டேன் என்று இப்போது தெரிகிறது.

"எல்லாம் பண்ணிடலாம் மேடம். பெல் மட்டும் எதுக்கு? ட்ரெயில் சைக்கிளுக்கு யாரும் பெல் வெக்கறதில்ல."

"மாட்டுக்கு யாரு சொல்றது?"

சிரித்தான். பெல் வைத்தான். அடுத்து என் காதைப் பற்றிச் சொன்னேன்.

"ரோட்டுல ஓட்டறதுக்கு நாங்க கணக்குப் போட்டே சைக்கிளை நிக்க வெச்சுடுவோம் மேடம். காட்டுல கணக்குப் பத்தாது. அங்க ஒடம்புக்குத் தெரிஞ்சது வேணும். அதுக்கு மூலப்பதிவுன்னு ஒண்ணு வெச்சிருக்கோம். நல்லா ஓட்டத் தெரிஞ்ச ஒடம்போட பழக்கம். அது சைக்கிளுக்குள்ள இருக்கும்."

"யாரோட ஒடம்பு?"

"ஆயிரக்கணக்கானவங்களோட சராசரி மேடம்."

சராசரி என்றதும் எனக்குச் சந்தேகம் தட்டியது. ஆயிரம் வீட்டு ரசத்தை ஒரே அண்டாவில் ஊற்றினால் சராசரி ரசம் கிடைக்காது, கழுநீர்தான் கிடைக்கும். அதைச் சொல்லவும் செய்தேன். அவன் பேச்சை மாற்றிப் படிவத்தை நீட்டினான். பதினொரு பக்கம். பொடி எழுத்திலிருந்து படித்தேன். என் முகம், குரல், நான் போகும் இடம் எதையும் வேறு யாருக்கும் தரக்கூடாது என்று மூன்று இடத்தில் அடித்துத் திருத்தினேன். ஏழாம் பக்கத்தில் 'கை அளவு எடுக்கப்படும்' என்று ஒரு வரி இருந்தது. அதை அடிக்கவில்லை. அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? டெய்லரும்தான் அளவு எடுக்கிறார். இடுப்பளவு எடுத்தால் இடுப்பு போய்விடுமா? போனால் நன்றாகத்தான் இருக்கும்.

"ஒரு மண்டலம் மேடம்" என்றான் டெரன்ஸ். "நாப்பத்தெட்டு நாள். பகல்ல இந்த கிளவுஸ், தூங்கறப்ப நெத்தியில இந்தப் பட்டை. அப்பதான் ஹேண்டில் உங்க பிடிக்குன்னே அமையும். கிளினிக்ல வேலை செய்யறப்பவும் கழட்டிடாதீங்க. உங்க கை இயல்பா இருக்கறது அப்பதான்."

எவ்வளவு கரிசனம் என்று நினைத்துக்கொண்டேன். கிளவுஸ் வெங்காயத் தோல் மாதிரி மெல்லியது. நோயாளிகளுக்கு வித்தியாசமே தெரியவில்லை. ஒரு மண்டலம் விரதம் மாதிரி இருந்து முடித்தேன். அதற்குப் பிறகு சைக்கிளைக் கட்ட ஒன்றரை மாதம் ஆனது. அந்த ஒன்றரை மாதத்துக்குள்தான் கிட்டுசாமி வந்து போனார்.

கிளினிக்கில் அப்போது கூட்டம் குறைந்திருந்தது. பல வருஷமாக வரும் பரமசிவம் சார் ஒருநாள் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டே, "முன்ன மாதிரி இல்லீங்களேம்மா" என்றார். அடுத்த தெருவில் புதிதாகக் கடை விரித்தவன் ஏதோ வதந்தி கிளப்புகிறான் என்று சந்தேகப்பட்டேன். ஆள் விட்டு விசாரிக்கக்கூடச் செய்தேன்.

சைக்கிள் வந்தது. மாம்பிஞ்சுப் பச்சை, அதே பச்சை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊமைப்பாறைத் தடத்தில் ஏற்றினேன். முதல் வேர் வந்தபோது பழக்கதோஷத்தில் உடம்பு இறுகியது. சைக்கிள் தானாக இம்மி வளைந்து, வேரின் மேல் செங்குத்தாக ஏறி, இறங்கியது. நான் விழவில்லை. அடுத்தது கற்படி, விழவில்லை. பள்ளம், ஈரப்பாறை, சரளை, எதிலும் விழவில்லை. பாறையுச்சியில் நிறுத்திவிட்டு ஓவென்று அழுதேன். மூன்று வருஷத்து அழுகை. சந்தோஷத்துக்கும் அப்படி அழ முடியும் என்று எனக்குத் தெரியாது.

மூக்கைச் சிந்தி முடித்ததும் சந்தேகம் வந்தது. எனக்கு அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

நிறுத்தினால் சைக்கிள் எப்போதும் இடப்பக்கமே சாய்ந்தது. நான் வலது காலை ஊன்றுகிறவள். இருந்தாலும் அது இடப்பக்கம் மெல்லக் குனிந்து, இரண்டு மூச்சு நேரம் காத்திருந்து, பிறகுதான் நிமிர்ந்தது. கிளம்பும்போது முதல் ஐந்தாறு அடிக்கு வேகம் எடுக்க விடவில்லை. எவ்வளவு மிதித்தாலும் மாட்டுவண்டி மாதிரி நகரும். பின்பக்கம் எதையோ தாங்கிக்கொள்வதுபோல ஒரு சின்ன அமுக்கம் இருக்கும், அதற்குப் பிறகே ஓடும். நேர்ப்பாதையில் எந்நேரமும் ஒரு நூலளவு வலப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. மேடு வந்தால் தேவைக்கு மேல் நிதானித்தது. என்னைத் தனியாக ஏற்றிக்கொண்டு அத்தனை நிதானம் தேவையே இல்லை.

திங்கட்கிழமை டெரன்ஸுக்குப் போன் செய்தேன்.

"அது சின்னப் பிழை மேடம். மூலப்பதிவுல இருக்கற ஒரு சாய்வு. அதை எடுத்தா மத்ததும் கெட்டுப்போகுது, அதனால விட்டுட்டோம். ஓட்டிப் பார்த்தவங்க எல்லாம் என்னா பதவிசா போகுதுன்னு ரசிக்கறாங்க."

"சராசரிக்கு எப்படிப்பா ஒரு பக்கமா சாய்வு வரும்?"

நெட்வொர்க் சரியில்லை என்று வைத்துவிட்டான்.

நோயாளி உள்ளே நடந்து வரும்போதே எந்தக் காலில் பாரம் போடுகிறார் என்று பார்ப்பது என் தொழில். அடுத்த ஞாயிறு சைக்கிளையே நோயாளியாக வைத்து, கல்லில் உட்கார்ந்து யோசித்தேன். இந்தச் சைக்கிளுக்கு எங்கே பாரம்? பின்னால். எந்தப் பக்கம்? இடது. பின்னால் இடது பக்கமாகத் தொங்குகிற பாரம். கிளம்பினதும் ஐந்தாறு அடி கழித்து ஏறுகிற பாரம். நின்றதும், இறங்கக் கொஞ்சம் குனிந்து கொடுக்க வேண்டிய பாரம்.

கேரியரே இல்லாத சைக்கிளில், பின்னால் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு காலையும் இடப்பக்கம் போட்டு, ஒருக்களித்து. சேலை கட்டிய ஒரு பொம்பளை.

டபுள்ஸ்!

நம் ஊரில் எந்தக் குழந்தைக்கும் இது விளங்கியிருக்கும். டெரன்ஸின் கூட்டத்துக்கு விளங்கவில்லை. ஹெல்மெட்டும் கண்ணாடியுமாகத் தனியாகவே ஓட்டிப் பழகிய பிள்ளைகள். சைக்கிள் என்றால் ஒரு ஆள் என்று நினைத்துவிட்டார்கள். முப்பது வருஷம் ஒருத்தியைப் பின்னால் வைத்து ஓட்டிய உடம்பைப் பிழை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இது சராசரி இல்லை, ஒரு ஆள். அந்த எண்ணம் வந்ததும்தான் 'இப்ப ஊட்டுக்காரி நடக்கறாளுங்க' என்ற குரல் காதில் விழுந்தது. இரண்டு மாதம் தாமதமாக.

அங்கிருந்து நேராகச் சீங்கப்பள்ளத்துக்கு விட்டேன்.

கிட்டுசாமி வாசலில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். சுவரில் ஒரு பழைய சைக்கிள், அதன் கேரியரில் நாலாக மடித்துக் கட்டிய சாக்கு. பக்கத்தில் பளபளவென்று ஒரு புதுச் சைக்கிள், சீட்டில் சுற்றிய பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

"நெத்தியில பட்டை கட்டிக்கிட்டுத் தூங்கச் சொல்லி யாராவது வந்தாங்களா?" என்று கேட்டேன்.

அவரும் வீட்டுக்குள் நின்றிருந்த மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒரு மண்டலமுங்க" என்றார் கிட்டுசாமி. "காட்டுக்குள்ள தடம் போடறோம், மேடு பள்ளம் அளவெடுக்கோணும்னாங்க. நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க, பட்டையும் பெல்ட்டும் போட்டுக்கங்க, அது போதும்னாங்க. அதுக்குப் புதுச் சைக்கிளு ஒண்ணு சும்மாவே குடுத்தாங்க. அதுல ஏறுனாத்தானுங்களே."

"நாஞ் சொன்னேனுங்க" என்றார் மனைவி துளசிமணி, உள்ளிருந்து வந்துகொண்டே. "சும்மா குடுக்கறவன் சும்மா குடுக்க மாட்டான்னு. இந்த மனுசன் கேக்கோணுமே."

துளசிமணி மலைமேல் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறார். கிட்டுசாமி குழாயைப் பார்க்கப் போகும் வழியில் தினமும் மனைவியைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, திரும்பும்போது ஏற்றிக்கொண்டு வருவாராம். இப்போது அந்த அம்மாள் ஏழு கிலோமீட்டர் ஏறி, ஏழு கிலோமீட்டர் இறங்குகிறார். முன்பே பிடித்திருந்த முட்டி இப்போது வீங்கிவிட்டது. கிட்டுசாமி முன்னாலேயே நடந்து போய்விடுகிறார். கூட நடந்தால் மனைவியின் முகத்தைப் பார்க்க முடியவில்லையாம்.

பழைய சைக்கிளிலிருந்து கேரியரைக் கழற்றி, கட்டுக்கம்பியால் என் சைக்கிளில் முறுக்கினோம். பத்து வருஷக் கனவின் பின்னால் துருப்பிடித்த கேரியரும் சாக்கும். பார்க்கச் சகிக்கவில்லை.

"ஏறுங்க" என்றேன்.

"நானுங்களா? இத்தன வெலச் சைக்கிள போட்டு ஒடச்சுப்போடுவேனுங்க."

"ஏறுங்கன்னா."

ஏறினார். சைக்கிள் நகர்ந்தது, ஐந்தாறு அடி, மாட்டுவண்டி மாதிரி. துளசிமணி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வீங்கிய முட்டியையும் பார்க்காமல் நாலு எட்டு ஓடி, ஒரு துள்ளலில் பக்கவாட்டாக உட்கார்ந்தார். பின்பக்கம் அமுங்கியது. அந்த நொடியிலிருந்து அந்தச் சைக்கிளுக்கு ஒரு கோணலும் இல்லை. பள்ளத்தின் உருண்டைக் கற்கள் மேல் நூல் பிடித்த மாதிரி போனது, வளைந்தது, திரும்பி வந்தது. வாசலில் நின்றதும் இடப்பக்கம் குனிந்தது. துளசிமணி இறங்கினார். அழுதுகொண்டிருந்தார்.

"பழையபடியே குனிஞ்சு குடுக்குதுங்க. முட்டி புடிச்ச நாள்ல இருந்து இவரு இப்படித்தானுங்க குனிவாரு."

கிட்டுசாமி அழவில்லை. ஹேண்டிலை விட்டுக் கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"நா ஓட்டலீங்க" என்றார். "அது ஓட்டுதுங்க. நாந்தான் பின்னால குந்தியிருந்தாப்புல இருந்துதுங்க."

நடிப்பு என்று முடிவு கட்டினேனே, அந்த மனுஷனைப் பார்க்க எனக்குக் கூசியது. அதைச் சொல்லிவிட்டேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். அவர், "நம்பற மாதிரியான சங்கதியுங்களா இது?" என்று எனக்கே சமாதானம் சொன்னார்.

மறுநாள் கோவை. 'சமன் வீல்ஸ்' கூடத்தில் டெரன்ஸ் என்னைப் பார்த்ததும் எழுந்தான். நான் உட்காரவில்லை.

"மூலப்பதிவு யாருதுன்னு எனக்குத் தெரியும். எப்படி எடுத்தீங்கன்னு மட்டும் சொல்லு."

கதவைச் சாத்தினான். சுற்றி வளைப்பான் என்று நினைத்தேன். சொல்வதற்கு யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்திருக்கும் போல. கடகடவென்று சொல்லிவிட்டான்.

"சராசரி எடுத்துத்தான் மேடம் ஆரம்பிச்சோம். நீங்க சொன்ன ரசம் கதைதான் ஆச்சு. ஒரே ஆளு, முழுசா வேணும். பகல்ல உடம்பு செய்யறது சென்சார்ல வந்துரும். ஆனா அது ஏன் செய்யுதுங்கறது மூளைக்குள்ள இருக்கு. தூங்கறப்ப அந்தப் பழக்கத்தைக் கிளறி விடுவோம். கிளறினா இளகும். இளகறப்பதான் முழுசாப் படிக்க முடியும். ஒரு தடவைல முடியாது, நாப்பத்தெட்டு நாள் வேணும்."

"இளகினது?"

"விட்டா மறுபடி இறுகிடும் மேடம். ஆனா நாங்க..."

"விடறதில்ல."

"பால் உறைய உறையக் கலக்கிட்டே இருந்தா தயிர் ஆகாதில்லீங்களா. அந்த மாதிரி ஆயிடுது. எல்லாருக்கும் ஆகாதுன்னு எழுதிக் குடுத்திருக்காங்க."

"எத்தனை பேருக்கு ஆகல?"

"இன்னும் அப்படி யாரும் வரல மேடம்."

"திரும்ப வருமா?"

"அந்தப் பதிவு இருக்கற சைக்கிள்லயே தினமும் ஓட்டினா, அது செய்யறதைப் பார்த்துப் பார்த்து ஒடம்பு மறுபடி கத்துக்கலாம். குழந்தை கத்துக்கற மாதிரி. வருஷக்கணக்குல ஆகும். உறுதியாச் சொல்ல முடியாது."

கிட்டுசாமியின் பதிவு மொத்தம் பத்துச் சைக்கிளில் இருந்தது. ஒன்பது வெளிநாட்டுக்குப் போய்விட்டன. பத்தாவது, துருப்பிடித்த கேரியரோடு சீங்கப்பள்ளத்தில் நிற்கிறது. அங்கேயே நிற்கட்டும் என்று சொல்லிவிட்டேன். பிரமாதத் தியாகம் எல்லாம் இல்லை. சொல்லும்போது ஊமைப்பாறை கண்ணுக்குள் வந்து போனது. ஆனால் நேற்று அந்த அம்மாள் இறங்கியதைப் பார்த்தவளால் அதை எடுத்துக்கொண்டு வர முடியாது.

"ஒருத்தன் ஓட்டத்தையே திருடிட்டு, அளவுன்னு எழுதி வெச்சிருக்கீங்களேப்பா."

"அளவு எடுக்கறோம்னுதானே மேடம் போட்டிருக்கு" என்றான் சன்னமாக. "எடுத்துட்டுத் திருப்பிக் குடுப்போம்னு எங்கயும் போடலியே."

வக்கீலைப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். பார்க்கத்தான் போகிறேன். வாசலுக்குப் போகும் வழியில் அடுத்த கூடம் திறந்திருந்தது. போன தடவை அங்கே பூட்டு தொங்கியது. இப்போது பூமாலை, ரிப்பன், ஏழெட்டு நாற்காலியில் காத்திருக்கும் ஆட்கள். புதுச் சரக்கு போலிருக்கிறது. அவர்களில் பரமசிவம் சார் இருந்தார். என்னைப் பார்த்ததும் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

ஒரு முக்காலியில் யாரோ முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் வெள்ளைத் தூண் ஒன்று. அதிலிருந்து நீண்ட இரண்டு ரப்பர் கைகள்.

கைகள் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டன. ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு இடது கை திரும்பி, புறங்கையை அந்த ஆளின் பிடரியில் முதலில் வைத்தது.

டெரன்ஸ் என் பின்னால் வந்து நின்றிருந்தான்.

"அது ஏன் தேய்ச்சுக்குது?" என்றேன்.

"தெரியல மேடம். உள்ள ஹீட்டர் இருக்கு, சில்லுன்னெல்லாம் இருக்காது. ஆனாலும் தேய்ச்சுக்கிட்டுத்தான் தொடுது. பதிவுல அப்படி ஒரு..." நிறுத்தினான். அவன் பார்வை மெல்ல இறங்கி என் கைகளில் வந்து நின்றது. அவனுக்கு முன்பே தெரியுமா, அப்போதுதான் தெரிந்ததா என்பதை இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

என் வலது கை தானாகப் போய் என் பிடரியைத் தொட்டது. காது கெட்ட நாளிலிருந்து அங்கே ஒரு முடிச்சு உண்டு, எனக்கு நன்றாகத் தெரியும். விரலால் தேடினேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. மேசையைத் தொட்ட மாதிரி வழுவழுவென்று இருந்தது. கிட்டுசாமியின் கழுத்தும் அன்றைக்கு அப்படித்தான் இருந்தது.

பொய் சொன்னது அவர் கழுத்து இல்லை.

பால்காரரைச் சந்தேகப்பட்டேன், அடுத்த தெருக்காரனைச் சந்தேகப்பட்டேன், சைக்கிள் மறந்தவரைச் சந்தேகப்பட்டேன். பதினொரு பக்கத்தையும் கடைசியிலிருந்து படித்தேன். என் கையைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

டெரன்ஸ், "மேடம், தண்ணி..." என்றான். கையை ஆட்டி வேண்டாம் என்றேன். போய் வரிசையில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். பரமசிவம் சார் செய்தித்தாளை இறக்கவே இல்லை. ஒவ்வொருவராக எழுந்து போய், கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பி, மலர்ந்த முகத்தோடு வெளியே போனார்கள்.

என் முறை வந்தது. முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். பின்னால் மூன்று முறை தேய்க்கும் சத்தம். பிறகு புறங்கை, வெதுவெதுப்பாக. பிறகு விரல்கள். இடது காதுக்குக் கீழே, எலும்பை ஒட்டி, ஒரு நொடிகூடத் தடுமாறாமல் அந்த முடிச்சைக் கண்டுபிடித்தன. நான் கண்ணை மூடிக்கொண்டேன். எந்த விரல் முதலில் அழுத்துகிறது, எவ்வளவு ஆழம், எத்தனை மூச்சு நேரம் என்று மடியில் இருந்த என் விரல்களால் கூடவே செய்து பார்த்தேன். சரியாக வரவில்லை.

நேரம் முடிந்து கைகள் விலகின. டெரன்ஸ் பக்கத்தில் நின்றிருந்தான். அது யாருடைய கை என்று அவனிடம் கேட்கவில்லை.

"தினமும் வரலாமா?" என்று கேட்டேன்.